ஸ்கேன் படத்தில் மனநோய் தெரியுமா?

மகனுக்கு யாரும் பேசாத குரல் கேட்கிறது என்றதும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, "மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்களா?" என்பதுதான். பல சமயம் எடுத்திருப்பார்கள். அறிக்கையில் 'குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் இல்லை' என்று இருக்கும். அந்த ஒரு வரியை நம்பி, நோயே இல்லை என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மருத்துவர் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. அதே வீட்டுப் பாட்டிக்கு மறதி என்று எடுத்த ஸ்கேனில், மூளை சுருங்கியிருக்கிறது, ஆங்காங்கே வெண்புள்ளிகள் இருக்கின்றன என்று அரைப் பக்கம் எழுதியிருக்கும். ஒரே இயந்திரம் ஒருவருக்கு இவ்வளவு சொல்கிறது, இன்னொருவருக்கு வாயே திறப்பதில்லை.

காரணம் எளிது. மருத்துவமனையில் எடுக்கும் வழக்கமான ஸ்கேன் கட்டடத்தைப் பார்க்கிறது: சுவர் இடிந்திருக்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா, வேண்டாத கட்டி எங்காவது முளைத்திருக்கிறதா என்று. மனச்சிதைவு நோயிலும் மனச்சோர்விலும் கட்டடம் ஏறத்தாழ அப்படியேதான் நிற்கும். உள்ளே இருப்பவர்களின் பேச்சுவார்த்தைதான் குழம்பியிருக்கும். மருத்துவர் அந்த ஸ்கேனைக் கேட்பதும் மனநோயைக் கண்டுபிடிக்க அல்ல. கட்டி, வலிப்பு, மூளை அழற்சி போன்ற வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். மூளைப் பகுதிகளுக்கு இடையே நடக்கும் பேச்சை அளக்க முடியுமா என்பதே மூளைப் படவியல் ஆய்வாளர்களின் கேள்வி.

அளப்பதற்கான வழி 1990ல் கிடைத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த செய்ஜி ஒகாவா, ஆக்சிஜன் ஏந்திய ரத்தமும் அதை இழந்த ரத்தமும் காந்தப்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதை வைத்து மூளையைப் படம் பிடிக்கலாம் என்று காட்டினார். மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானால் அங்கே தேவைக்கும் அதிகமாகவே புது ரத்தம் பாய்கிறது, அதனால் எம்ஆர்ஐ என்ற காந்த ஸ்கேனில் பதிவாகும் குறிப்பலை (சிக்னல்) கொஞ்சம் கூடுகிறது. இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதை மறக்கக் கூடாது. 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு) இயந்திரத்தில் அது 1 முதல் 2 விழுக்காடு. ரத்தம் வந்து சேர்ந்து அலை உச்சத்தைத் தொட 5, 6 விநாடி ஆகும். படத்தின் ஒரு புள்ளி பொதுவாக 3 மில்லிமீட்டர் கனசதுரம்; அதற்குள் பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கும். நாளிதழ்களில் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் மூளையைப் பார்த்து 'எண்ணத்தைப் படம் பிடித்துவிட்டார்கள்' என்று நினைப்பது தவறு. அது புகைப்படமே அல்ல, கணக்குப் போட்டு வந்த விடைக்குப் பூசிய வண்ணம்.

தொடக்கத்தில், ஸ்கேனுக்குள் படுத்திருப்பவரிடம் வேலை கொடுத்து எந்தப் பகுதி இயங்குகிறது என்று பார்த்தார்கள். 1995ல் பரத் பிஸ்வால் வேறொன்றைக் கவனித்தார். விரலை அசைக்காமல் சும்மா படுத்திருந்தாலும், இடப்பக்க, வலப்பக்க அசைவுப் பகுதிகளின் குறிப்பலை ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது. சேர்ந்து வேலை செய்யும் பகுதிகள் ஓய்விலும் சேர்ந்தே அசைகின்றன. சும்மா இருப்பதே சுகம் என்று தமிழில் சொல்வோம். மூளைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உடல் எடையில் 2 விழுக்காடே இருந்தாலும் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது சும்மா இருக்கும்போதும் தின்கிறது. 2001ல் மார்கஸ் ரெய்க்கல் குழு, வெளி வேலை எதுவும் இல்லாதபோது ஓங்கி இயங்கும் பகுதிகளுக்கு 'டிஃபால்ட் மோட்' என்ற பெயரைச் சூட்டியது. பழைய நினைவுகளை அசைபோடுவது, நாளை என்ன செய்வது என்று யோசிப்பது இதன் வேலை. இதற்கு எதிர்முனையில் இருப்பது 'சேலியன்ஸ்' வலையமைப்பு. சுற்றிலும் நடப்பதில் எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று பிரித்துக் கொடுப்பது அது.

நோயாளிகளிடம் இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் ஹெலன் சோவ். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, சான் பிரான்சிஸ்கோவில் நரம்பியல் மருத்துவர் வில்லியம் சீலியிடம் ஆய்வு செய்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியவர். அவர்களுடைய 2010 ஆய்வில் மூன்று குழுக்கள், குழுவுக்கு 12 பேர்: அல்சைமர் நோயாளிகள், நடத்தை மாறிப்போகும் வகை முன்மூளை மறதிநோய் உள்ளவர்கள், நோயில்லாதவர்கள். அல்சைமரில் டிஃபால்ட் மோட் இணைப்புகள் தளர்ந்திருந்தன, சேலியன்ஸ் கூடியிருந்தது. முன்மூளை நோயில் நேர்மாறு. வீட்டில் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. அல்சைமர் பாட்டி பேரனின் பெயரை மறந்தாலும் வந்தவரைச் சிரித்து உபசரிப்பார். முன்மூளை நோய் வந்தவருக்கு நினைவு ஓரளவு சரியாக இருக்கும். துக்க வீட்டில் கேலி பேசுவார், பிறர் தட்டிலிருந்து எடுத்துத் தின்பார், யார் அழுதாலும் அவருக்கு உறைக்காது. இந்த இரண்டாவது வகையைப் பிடிவாதம், வயதுக் கோளாறு, சில சமயம் மனநோய் என்றுகூடத் தவறாக எடுத்துக்கொள்வதுண்டு.

2012ல் அவர்கள் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. நோய் ஒரு புள்ளியில் தொடங்குகிறது. அடுத்து எங்கே போகும்? பக்கத்தில் இருக்கும் பகுதிக்கா, இணைப்பில் நெருங்கிய பகுதிக்கா? சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் ரயில் நிலையமும் பியூட்டி வோர்ல்ட் நிலையமும் வரைபடத்தில் அண்டை வீடுகள். ரயிலில் போவதென்றால் ஊரைச் சுற்ற வேண்டும். ரயிலில் ஏறிப் பரவும் ஒன்று, தூரத்தைப் பார்க்காது, நிறுத்தங்களைத்தான் எண்ணும். நோயில்லாதவர்களின் இணைப்பு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, நோய் மையத்திலிருந்து இணைப்பு வழியில் அருகே இருக்கும் பகுதிகளே அதிகம் சிதைகின்றன என்று காட்டினார்கள். கெட்டுப்போன புரதம் நரம்பணு விட்டு நரம்பணு தாவுகிறது என்ற கருத்துக்கு இது வலு சேர்த்தது. மறதிநோய் ஆய்வில் மூளைப் படம் தந்த உருப்படியான விடைகளில் இதை முன்வரிசையில் வைக்கலாம்.

இந்த வரைபடங்களை வரையும் கருவிகளும் சிங்கப்பூரோடு தொடர்புள்ளவை. இப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தாமஸ் இயோ, 2011ல் 1,000 பேரின் ஸ்கேன்களைக் கொண்டு மூளையின் மேற்பரப்பை 7 வலையமைப்புகளாகவும் இன்னும் நுணுக்கமாக 17 ஆகவும் பிரித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர். அவருடைய குழு 2018ல் வெளியிட்ட, 400 துண்டுகளாகப் பிரிக்கும் வரைபடம் உலகமெங்கும் புழங்குகிறது. 400 துண்டுகள் என்றால் 79,800 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும், எந்த அளவுக்குச் சேர்ந்து அசைகிறது என்று ஓர் எண். ஒரு மனிதரின் 'மூளை இணைப்பு' என்று சொல்வது இந்த எண்களின் அட்டவணையைத்தான்.

அந்த அட்டவணை எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கெடுவதெல்லாம் அங்கேதான் கெடுகிறது.

முதலில் உலோகம். 3 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 60,000 மடங்கு. கம்பிச்சுருள்கள் மைனஸ் 269 பாகை செல்சியஸ் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கின்றன. விளக்கை அணைத்தாலும் காந்தம் அணையாது. கேள்வித்தாளில் இதயமுடுக்கி, ரத்தக்குழாய் கிளிப், செவிக்கருவி என்று கேட்பார்கள். கப்பல் பட்டறையில் வெல்டிங், கிரைண்டிங் செய்தவரா என்றும் கேட்பார்கள். கண்ணுக்குள் தங்கிய இரும்புத்தூள் நகர்ந்தால் பார்வை போய்விடும், ஆகவே முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே. நம் வீட்டுப் பெண்களிடம் இன்னும் நீண்ட பட்டியல் உண்டு: சேலை ஊக்கு, கொண்டை ஊசி, கம்பி வைத்த சவுரி, இரும்பு கலந்த கண்மை, அரைஞாண், தாயத்து. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, வெள்ளி மெட்டியையும் இழுக்காது. ஆனால் ரேடியோ அலை உலோகத்தைச் சூடாக்கும், தலைக்கு அருகே இருந்தால் படத்தில் கரும்பள்ளம் விழும். நாற்பது வருடமாகக் கழற்றாத மூக்குத்தி திருகாணி துருவேறி நிற்பது வழக்கமான சிக்கல். அதை ஸ்கேன் நாளன்று வாசலில் நின்று திருகக் கூடாது. ஒரு வாரம் முன்னதாகவே நகைக்கடையில் கழற்றிக்கொள்வது நல்லது. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் மஞ்சள் கிழங்கைக் கோத்த கயிறு கட்டிக்கொண்டு வரலாம். காந்தத்துக்கு மஞ்சளோடு பகை இல்லை.

அடுத்து படுக்கை. காதடைப்பான், அதற்கு மேல் காதணிப்பான், ஏனென்றால் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். தலைக்கு இருபுறமும் ஸ்பாஞ்சு. கையில் ஒரு ரப்பர் பந்து. பயமாக இருந்தால் அமுக்க வேண்டியது. மூளையின் அமைப்பைக் காட்டும் படத்துக்கு 5, 6 நிமிடம், 1 மில்லிமீட்டர் நுணுக்கம். ஓய்வுநிலைப் படத்துக்கு 8 நிமிடம்: 2 விநாடிக்கு ஒரு முழு மூளை என்று 240 படங்கள். வெண்புள்ளிகளைக் காட்டும் ஃபிளேர் 4, 5 நிமிடம். நரம்பிழைகளின் திசையைக் காட்டும் டிஃப்யூஷன் படத்துக்கு 10 நிமிடம் வரை. இடைவெளிகளையும் சேர்த்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஓய்வுநிலைப் படத்தை முன்னாலேயே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். கடைசிக்குத் தள்ளினால் முதுகு வலிக்கும், சிறுநீர் முட்டும், தலை அசையும்.

தலை அசைவதுதான் இந்தத் துறையின் பெரிய எதிரி. பலர் விடும் உச்சவரம்பு ஒரு படத்துக்கு 0.5 மில்லிமீட்டர், கண்டிப்பான குழுக்கள் 0.2 மில்லிமீட்டருக்கே படத்தை வெட்டிவிடும். ஈஸி-லிங்க் பயண அட்டையின் கனமே ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர். அதில் கால்பங்கு அசைந்தாலே கணக்கு பிசகும். 2012ல் ஜொனதன் பவர் குழு இதை அம்பலப்படுத்தியது. அசைவு படத்தை வெறுமனே மங்கலாக்குவதில்லை. பக்கத்துப் பகுதிகளுக்கிடையே இல்லாத இணைப்பை இருப்பதாகவும், தொலைவிலுள்ள பகுதிகளுக்கிடையே இருக்கும் இணைப்பைக் குறைந்ததாகவும் காட்டுகிறது. இதில் விபரீதம் என்னவென்றால், குழந்தைகள், மறதிநோயாளிகள், படபடப்பு உள்ளவர்கள்தான் அதிகம் அசைவார்கள். 'நோயாளிகளின் தொலைதூர இணைப்பு குறைவு' என்று முன்பு வந்த முடிவுகளில் ஒரு பங்கு, அவர்கள் தலையை ஆட்டினார்கள் என்பதைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை.

பிறகு தூக்கம். "கண்ணைத் திறந்து, எதையும் யோசிக்காமல், சிலுவைக் குறியைப் பாருங்கள்" என்பார்கள். இருட்டு, குளிர், ஒரே மாதிரியான சத்தம். ஓய்வுநிலை ஸ்கேனில் மூன்றில் ஒருவர் 3 நிமிடத்துக்குள் விழிப்பை இழந்துவிடுகிறார் என்று 2014ல் ஒரு ஜெர்மன் குழு மூளை மின்னலைகளோடு ஒப்பிட்டுக் காட்டியது. இங்கே சிங்கப்பூரில் தூக்க ஆய்வாளர் மைக்கல் சீயும் ஹெலன் சோவும் சேர்ந்து, இமை மூடுவதைக் கேமராவில் பதிந்து, விழிப்பு ஏறி இறங்குவதோடு இணைப்புகளும் மாறுவதை 2016ல் காட்டினார்கள். முதல்நாள் இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்பது உபசாரத்துக்கு அல்ல. காலையில் குடித்த கோப்பி-ஓவும் (பால் சேர்க்காத காப்பி) கணக்கில் வரும். 250 மில்லிகிராம் அளவு காஃபின் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் கால்வாசி வரை குறைக்கக்கூடும், குறிப்பலையோ ரத்தத்தை நம்பி நிற்பது. தினமும் குடிப்பவரைத் திடீரென்று குடிக்காதே என்றாலும் தலைவலி வந்து வேறு விதத்தில் கெடும். வழக்கப்படி குடிக்கச் சொல்லி, அளவையும் நேரத்தையும் குறித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

படம் கணினிக்குப் போன பிறகு தொடங்குகிறது கழிக்கும் வேலை. காந்த நிலை சீராகும் வரை வந்த முதல் சில படங்களைத் தூக்கிப் போடுவார்கள். தலையின் ஆறு வகை அசைவுகளைக் கணக்கிட்டு நேர்செய்து, மூச்சும் நாடித்துடிப்பும் தரும் ஆட்டத்தை நீக்கி, விநாடிக்கு 0.01 முதல் 0.1 சுழற்சி வரையுள்ள மெதுவான அலைகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் மூளையையும் ஒரு பொது வார்ப்பில் பொருத்துவார்கள். பெரிதும் புழங்கும் வார்ப்பு, கனடாவின் மொண்ட்ரியலில் 152 பேரைக் கொண்டு செய்தது. ஆசிய மூளைகளின் வடிவம் சராசரியில் கொஞ்சம் வேறு. ஹைதராபாத்தின் ஐஐஐடி 100 இந்தியர்களின் படங்களிலிருந்து தனி வார்ப்பு செய்தபோதும் நீளம், அகலம், உயரம் மூன்றும் மேற்கத்திய வார்ப்பைவிடக் குறைவாக வந்தன. அதற்காக அறிவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், இது தையல் அளவு போன்றது. ஆனால் பொருந்தாத சட்டையில் பொத்தான் தவறிய இடத்தில் மாட்டுவதுபோல, நினைவுகளைப் பதியும் ஹிப்போகேம்பஸ் போன்ற சிறு பகுதியின் எல்லை சில மில்லிமீட்டர் தள்ளிப்போக இடமுண்டு.

இத்தனைக்கும் பிறகு புள்ளியியல் ஒரு பள்ளம். 79,800 ஜோடிகளைத் தனித்தனியாகச் சோதித்து 5 விழுக்காடு தவறை அனுமதித்தால், நோயே இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட 4,000 'வேறுபாடுகள்' கிடைக்கும். 2009ல் கிரெய்க் பென்னெட்டும் நண்பர்களும் செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனில் படுக்க வைத்து, அதற்கு மனிதப் படங்களைக் காட்டினார்கள். தேக்கா சந்தையில் ஐஸ் மேல் கிடக்குமே, அந்த நிலையில் உள்ள மீன். திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையும் 'இயங்கியது'. சிரிப்போடு முடியவில்லை. 2016ல் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் எக்லுண்ட் குழு, எல்லோரும் நம்பிய மென்பொருள்களின் ஒரு கணக்குமுறையில், 5 விழுக்காடு இருக்க வேண்டிய பொய்முடிவு 70 விழுக்காடு வரை போகிறது என்று காட்டியது. 2020ல் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து 9 கேள்விகளுக்கு விடை கேட்டபோது, எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. விடைகளும் சிதறின. 2022ல் வந்த இன்னோர் ஆய்வு, மூளைப் படத்தையும் மனக்குணங்களையும் நம்பகமாகத் தொடர்புபடுத்த ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்றது. அதுவரை வந்த ஆய்வுகளில் வழக்கமான எண்ணிக்கையோ 25 பேர் அளவுதான்.

அப்படியானால் மேலே சொன்ன 12 பேர் ஆய்வை ஏன் நம்புவது? நோய் எவ்வளவு பெரிதாகச் சிதைக்கிறது என்பதைப் பொறுத்தது அது. மறதிநோயில் மாற்றம் பெரிது, சிறு குழுவிலும் தெரியும். மனச்சிதைவில் சிறிது. 2,028 நோயாளிகளையும் 2,540 பிறரையும் ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஆய்வில் ஹிப்போகேம்பஸ் சுருக்கம் ஐயமில்லாமல் தெரிந்தது. ஆனால் அந்த அளவு வேறுபாட்டில், ஒரு நோயாளியையும் நோயில்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு ஜோடி சேர்த்தால், 100 ஜோடிகளில் 63ல்தான் நோயாளியுடையது சிறிதாக இருக்கும், 37ல் தலைகீழ். குழுவுக்கு உண்மையானது ஒரு மனிதருக்குத் தீர்ப்பாகாது. சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் மருத்துவர் ஸ்கேனை விட்டுவிட்டுப் பேசிப் பார்த்து நோயை முடிவு செய்வது பழைய பழக்கத்தால் அல்ல. இன்றைக்கு அதுதான் துல்லியமான கருவி.

விதிவிலக்கு ஒன்று உருவாகிவருகிறது. மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு நெற்றியின் இடப்பக்கம் காந்தத் துடிப்பு கொடுப்பது உண்டு. எந்தப் புள்ளியில் கொடுப்பது என்பதை நோயாளியின் சொந்த இணைப்புப் படத்தைப் பார்த்து முடிவு செய்யும் ஸ்டான்ஃபர்ட் முறைக்கு அமெரிக்க அரசு 2022ல் அனுமதி அளித்தது: நாளுக்கு 10 தடவை, 5 நாள். நோய் எது என்று கேட்காமல் எங்கே தட்டுவது என்று கேட்பதால், ஒற்றை மனிதரின் படம் இங்கே பயன்படுகிறது.

சிங்கப்பூரில் இந்த ஆய்வுகளுக்கு ஒரு தனி ருசி உண்டு. மேற்கில் 'சுத்தமான' அல்சைமரைப் படிக்கலாம். இங்கே மறதிநோயாளிகள் பலருக்கு நீரிழிவும் ரத்த அழுத்தமும் பல வருடம் கூடவே இருந்திருக்கும். சிறு ரத்தக்குழாய்கள் கெட்டு ஃபிளேர் படத்தில் வெண்புள்ளிகள் சிதறியிருக்கும். சோவின் குழு 2017ல் பார்த்தபோது, ரத்தக்குழாய்ப் பாதிப்பு சேர்ந்த அல்சைமரிலும் சேராத அல்சைமரிலும் வலையமைப்புகள் மாறிய விதமே வேறாக இருந்தது. நன்யாங் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் நாகேந்திரன் கந்தையா நடத்தும் நீண்டகால ஆய்வில், ஏறத்தாழ 1,000 பேரின் எம்ஆர்ஐ படங்களில், மூளையின் கழிவை வெளியேற்றும் ரத்தக்குழாய் ஓரத்து இடைவெளிகள் அகன்றிருப்பதற்கும் லேசான அறிவுத்திறன் குறைவுக்கும் தொடர்பு காணப்பட்டது. வழக்கமான ஸ்கேனிலேயே தெரிவது என்பதால் இதற்குக் கூடுதல் செலவில்லை. 60 வயதைத் தாண்டியவர்களில் மறதிநோய் 2013ல் 10 விழுக்காடு, 2023ல் 8.8 விழுக்காடு என்று தேசிய ஆய்வு சொல்கிறது. ரத்த அழுத்தத்தைப் பலதுறை மருந்தகத்தில் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதற்கும் இந்த எண்ணுக்கும் உறவு இருக்கலாம் என்றே தோன்றுகிறது.

மொழியும் படத்துக்குள் வருகிறது. படத்தில் தெரிவதை நினைவாற்றல் மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டும். பள்ளிக்கூடம் போகாத தமிழ்ப் பாட்டியிடம் ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்துக் கேட்டால், மூளை நன்றாக இருந்தும் மதிப்பெண் குறையும். படமும் மதிப்பெண்ணும் ஒட்டாது. கந்தையா தேசிய நரம்பியல் நிலையத்தில் இருந்தபோது உருவாக்கிய, படங்களை மட்டும் காட்டிக் கேட்கும் 30 மதிப்பெண் சோதனை இதற்காகத்தான்.

இளையர்களிடம் மனநலக் கழகம் நடத்திய லிரிக்ஸ் ஆய்வு, 14 முதல் 29 வயது வரை, சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது போல நிஜத்தோடு தொடர்பு அறும் நிலை) வரும் ஆபத்தில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களிடம் நோய் வெளிப்படும் முன்பே சேலியன்ஸ் வலையமைப்பின் இணைப்புகள் குலைந்திருந்தன. ஆனால் ஆபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. ஆகவே இதை ஆள்பார்த்து முன்னறிவிக்கப் பயன்படுத்துவது இப்போதைக்கு அநியாயம். 2009ல் தொடங்கிய கஸ்டோ ஆய்வு இன்னும் பின்னோக்கிப் போய், சீன, மலாய், இந்தியத் தாய்மாரின் பச்சிளங்குழந்தைகளைப் பால் குடித்துத் தூங்கும்போது ஸ்கேன் எடுத்தது. தாயின் கர்ப்பகாலப் பதற்றத்துக்கும் குழந்தையின் ஹிப்போகேம்பஸ் வளர்ச்சிக்கும் தொடர்பு தெரிந்தது. தாயைக் குற்றம் சொல்ல இதை எடுத்துக்கொள்ளும் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தாய்க்குக் கர்ப்பகாலத்தில் உதவி வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

இப்படி ஓர் ஆய்வில் சேர அழைப்பு வந்தால், ஒப்புதல் படிவத்தில் ஒரு கேள்வியை நிதானமாகப் படிக்க வேண்டும். தேடாத ஒன்று, ஒரு கட்டியோ வீங்கிய ரத்தக்குழாயோ, தற்செயலாகக் கண்ணில் பட்டால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? சிங்கப்பூரின் 2015ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி இதைப் பற்றி முன்கூட்டியே உங்களிடம் பேசியாக வேண்டும். சொல்ல வேண்டும் என்று குறித்தாலும், ஆய்வுப் படங்களைக் கதிரியக்க மருத்துவர் வரி வரியாகப் படிப்பதில்லை. சில ஆய்வு மையங்களில் ஒரு பார்வை பார்ப்பார், பலவற்றில் அதுவும் இல்லை. யார் பார்ப்பார், எத்தனை நாளில் தகவல் வரும், மேற்கொண்டு செய்யும் பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவது என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். தமிழில் படிவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பாட்டி சார்பில் பேரன் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தலையாட்டினால், ஒப்புதல் பேரனுடையதாகிவிடும்.